பாஸ்புக்கில் 456 ரூபாய் குறைகிறதா?

கேள்வி: அம்மா மணப்பாறை பக்கம் கிராமத்தில் இருக்கிறார், வயது 49. நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறும் கணக்கில் மே கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். "பேங்க்காரன் திருடுறான்" என்று ஊரில் பல பெண்கள் எழுதிக்கொடுத்து நிறுத்திவிட்டார்களாம். அம்மாவும் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். 436 ரூபாய், பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு. இறப்பு எப்படி நேர்ந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு. விபத்தில் இறந்தால் அதிலும் 2 லட்சம். 2015-ல் இவை 330, 12 ரூபாயாக இருந்தன. 2022 ஜூனில் உயர்ந்தன.

கிராமங்களில் பேசப் போகும்போது கவனித்திருக்கிறேன். உரிமைத் தொகை 1,000 ரூபாய் எந்தத் தேதியில் ஏறும் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. முதலில் நம் கையிலிருந்து போகும் திட்டம் என்றால் பெயரே தெரியாது, சந்தேகம்தான் வருகிறது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கணக்குத் தொடங்கும்போது நீட்டிய நாலைந்து தாள்களில் இதுவும் ஒன்று. விளக்கிச் சொன்னவர் யார்? சீட்டுப் பணத்தில் ஏமாந்த ஊராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அம்மாவுக்கு வயதுதான் முக்கியம். ஜீவன் ஜோதியில் 50 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது. இப்போது தொடர்ந்தால் 55 வரை கிடைக்கும். விபத்துக் காப்பீடு 70 வரை உண்டு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாஸ்புக்கைப் பாருங்கள். கூட்டுறவு வங்கியிலும் கணக்கு இருந்து அங்கேயும் பிடித்திருந்தால், ஒன்றை நிறுத்திவிடுங்கள். இரண்டு இடத்தில் கட்டினாலும் ஒரு தொகைதான் வரும். நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்றும் கேளுங்கள். மே கடைசியில் கணக்கில் 500 ரூபாயாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் காப்பீடு அறுந்துவிடும். அம்மா கையெழுத்தே போடவில்லை என்றால், ஒப்புதல் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம் ஒன்று. பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுவது இவையும் விபத்துக் கணக்கில் சேரும். ஆனால் ஆஸ்பத்திரி பதிவு வேண்டும். சாலை விபத்து என்றால் போலீஸ் புகார் வேண்டும். நிறுத்திய அந்தப் பெண்களின் வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்திருந்தால், இறந்தவருடைய பழைய பாஸ்புக்கையும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வருடத்துக்கு 436 பிடித்திருந்தால், உடனே வங்கியில் போய்க் கேட்கட்டும்.