தென்னாப்பிரிக்காவில், ஜொகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவில் தங்கச் சுரங்கக் கழிவு மணல்மேட்டுக்குப் பக்கத்தில் கீரைத்தோட்டம் போட்டிருக்கிறேன். பாக்டீரியா உரம் போட்டால் மண்ணிலுள்ள உலோகம் போய்விடுமா?

போகாது. ஈயம், காட்மியம், ஆர்சனிக், யுரேனியம் எல்லாம் தனிமங்கள். எந்த நுண்ணுயிரும் அவற்றைச் சிதைத்து ஒழிக்க முடியாது. பாக்டீரியா காப்பாற்றுவது செடியை மட்டுமே. ஆகவே கீரை பச்சைப்பசேலென்று வளர்ந்துவிட்டதால் அது உண்ணத் தக்கது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

உலோகத்தால் திணறும் செடிக்குள் எத்திலீன் என்ற வளர்ச்சி ஹார்மோன் வாயு கூடும். கூடினால் வேர் நீளாது. சூடோமோனாஸ் போன்ற வேர்மண் பாக்டீரியாக்களில் சில, எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசியை ஒரு நொதியால் உடைத்துத் தமக்கு நைட்ரஜன் உணவாக்கிக்கொள்கின்றன. எத்திலீன் குறைந்து வேர் மறுபடி ஓடத் தொடங்கும். வேறு சில, சிடரோஃபோர் என்ற இரும்பைப் பற்றும் பொருளைச் சுரந்து இரும்பைப் பிடித்துத் தரும். உலோக மண்ணில் இலை வெளுப்பது பெரும்பாலும் இரும்பு கிடைக்காததால்தான்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பாஸ்பரஸைக் கரைக்க அமிலம் சுரக்கும் இனங்கள் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்தே கரைத்துவிடும். உலோகத்தை உறிஞ்சி எடுப்பதற்கென்றே செடி வளர்ப்பவருக்கு அது நன்மை. பார்பர்டன் பக்கத்துப் பெர்கேயா கோட்டியை என்ற செடி, உலர்ந்த இலையில் 1 சதவீதத்துக்கும் மேல் நிக்கல் சேர்க்கும். சமையலுக்குப் பறிக்கும் கீரையில் அப்படி ஏறினால் கேடு.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரை கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்பி, மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவையும் (குறைந்தால் புளிப்பு அதிகம்), மேலே சொன்ன ஈயம், காட்மியம், ஆர்சனிக், யுரேனியம் நான்கையும் கேளுங்கள். ஜொகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கப் பகுதியின் கழிவு மணலில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. அதைத் தின்னும் அசிடிதயோபாசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியா கந்தக அமிலத்தை உண்டாக்கும். அந்தப் புளிப்பில், போட்ட உரத்துப் பாக்டீரியா பெரும்பாலும் செத்துப்போகும். பிஎச் 6.5 வரும்வரை விவசாயச் சுண்ணாம்பு இடவேண்டும். லேசான புளிப்புள்ள மணற்பாங்கான மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராமில் தொடங்கி, நன்றாகக் கிளறி, நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஆர்சனிக், யுரேனியம் மிகுதியாக இருந்தால் அதற்குமேல் ஏற்றாதீர்கள்; காரத்தன்மை கூடக்கூட அவை மண்ணிலிருந்து விடுபட்டுக் கரையும்.

அதன்பிறகு ஒரு கிலோ விதைக்கு 20 கிராம் பாக்டீரியா உரத்தை, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். வெயில், தாமிர மருந்து, குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் மூன்றும் அதைக் கொல்லும், மழைநீர் நல்லது.

சோதனையில் உலோகம் பாதுகாப்பான அளவை மீறியிருந்தால் அந்த மண்ணில் கீரை வேண்டாம். இலையில்தான் காட்மியம் அதிகம் சேரும். பீன்ஸ், தக்காளி போன்ற காய்களில் குறைவு. கீரையே வேண்டுமென்றால், அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணால் 30 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி கட்டுங்கள். அதிலும் ஆகஸ்ட் காற்றில் மணல்மேட்டுத் தூசி இலையில் படியும்; இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகே நறுக்குங்கள்.