நட்டதை மிதித்துக்கொண்டு யாரும் நட மாட்டார்கள்

உங்கள் ஊர் போட்டோகிராஃபி கிளப் போட்டியில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) உருவாக்கிய படங்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் செயலாளராகத்தான் இருப்பார். யாரோ ஒருவர் அப்படி ஒரு படத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டார், வாட்ஸப் குரூப்பில் இரண்டு நாளாகச் சண்டை ஓடுகிறது, அப்படித்தானே? என் பதில்: புகைப்படப் பிரிவில் சேர்க்காதீர்கள். வேண்டுமானால் தனிப் பிரிவு வையுங்கள்.

மன்னார்குடி பக்கம் 22 வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரக் கிளப்பில் நானும் உறுப்பினர். ஒரு வருடம் போட்டித் தலைப்பு ‘உழவு’. குறுவை நடவு நேரம். இப்போது பாதி வயலில் மெஷின் நடவு வந்துவிட்டதால், ஆட்கள் இறங்கி நடுகிற வயலைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, கடைசியில் நீடாமங்கலம் பக்கம் ஒரு வயல் கிடைத்தது. மூன்று நாள் காலை 6 மணிக்கே வரப்பில் போய் நின்றேன்.

நான் நினைத்து வைத்திருந்தது ஒரே ஒரு படம். கரையில் நிற்கிற பெரியவர் நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, வயலுக்குள் விசிறிப் போடுவார். அது காற்றில் சுழலும்போது வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் வட்டமாகத் தெறிக்கும். அந்த வட்டத்துக்கு நடுவில், குனிந்திருக்கும் ஒரு அம்மாவின் முகம் நிமிர்ந்து வரவேண்டும். தெறிக்கிற தண்ணீர் அப்படியே உறைந்து நிற்க, ஷட்டர் ஸ்பீடை 1/2000 நொடியில் வைத்தேன். முதல் நாள் வெளிச்சம் போதவில்லை. இரண்டாம் நாள் நாற்று முடி முகத்தை மறைத்துவிட்டது. மூன்றாம் நாள் ஏழரை மணி வாக்கில் கிடைத்தது. மொத்தம் 340 படம் எடுத்திருந்தேன், அதில் உருப்படி ஒன்றே ஒன்று.

அதற்கு மூன்றாம் பரிசு வந்தது. முதல் பரிசும் ஒரு நடவுப் படத்துக்குத்தான். பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள், பொன்னிற வெயில், சேற்றில் வானம் தெரிகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஏதோ உறுத்தியது. என்னவென்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் அம்மாவிடம் காட்டினேன். என் அம்மா முப்பது வருடம் நடவுக்குப் போனவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். “யாருடா இவளுவோ? நட்டதெல்லாம் முதுவுக்குப் பின்னாடில்ல கெடக்கு? காலை எங்க எடுத்து வைப்பாளுவோ, நட்டது மேலயா?” என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்ட நாற்று அவர்கள் முகத்துக்கு எதிரே பச்சையாக இருக்கும், முதுகுக்குப் பின்னால் வெறும் சேறு. அந்தப் படத்தில் தலைகீழாக இருந்தது. எதிரே வெறும் சேறு, பின்னால் வரிசை வரிசையாக நாற்று. அப்படி நட்டால் அடுத்த அடி எடுத்து வைக்கும்போது தான் நட்டதைத் தானே மிதிக்கவேண்டும். எந்த வயலிலும் யாரும் அப்படி நட மாட்டார்கள். உண்மையான வயலுக்கு எதிரே கேமராவைப் பிடித்திருந்தால் இந்தத் தப்பு வரவே வழியில்லை.

முதல் பரிசு வாங்கிய தம்பியிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. “ஏஐ-ல பண்ணதுதான் அண்ணே, ரூல்ஸ்ல கூடாதுன்னு போடலையே” என்றார். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை, விதியில் இல்லாததை அவர் மீறவும் இல்லை. கோபம் நிர்வாகத்தின் மேல்தான். குரூப்பில் எழுதினேன். வயிற்றெரிச்சல் என்றார்கள். முடிவை மாற்ற முடியாது என்றார்கள். நடவு வயலில் கால் வைத்திராத மூன்று பேர் உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இங்கேயும் சிலர் வந்து சொல்வீர்கள், தெரியும். தோற்றவன் பேசுகிறான் என்பீர்கள். எனக்கு மூன்றாம் பரிசு வந்தது, இரண்டாவதாக வந்த படம் என்னுடையதைவிட நல்ல படம், அதை எடுத்தவருக்கு அன்றைக்கே கை கொடுத்தேன். போட்டோஷாப் மட்டும் ஏமாற்று இல்லையா என்பீர்கள். 1857-லேயே ரெய்லாண்டர் என்பவர் சுமார் 30 நெகட்டிவ்களை ஒட்டி ஒரே படமாக அச்சுப்போட்டார், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நெகட்டிவ் ஒவ்வொன்றும் கேமரா முன்னால் நிஜமாக இருந்ததைப் பிடித்ததுதான். நான் ஏஐ-க்கு எதிரியும் இல்லை. கடையில் பழைய படங்களைச் சரிசெய்ய தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒருமுறை ஒரு பாட்டி தன் வீட்டுக்காரரின் மங்கிப்போன பாஸ்போர்ட் போட்டோவைக் கொடுத்தார். மென்பொருள் பளபளவென்று ஒரு முகத்தைக் கொடுத்தது. பாட்டி அதைக் கையில் வாங்கி, “நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது அவரு இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய முறையில் கையால் ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்தேன்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர் ஜெயித்தார். அது ஏஐ படம், போட்டிகள் இதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று பார்க்கவே அனுப்பினேன் என்று சொல்லிப் பரிசை வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வருடமே நேர் எதிராக ஒன்று. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் ஒரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு, கேமராவில் எடுத்த பூநாரைப் படத்தை அனுப்பினார். தலையே இல்லாத மாதிரி ஒரு பறவை. நடுவர்களிடம் மூன்றாம் பரிசு, மக்கள் வாக்கிலும் ஜெயித்தது. உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். பூநாரை கழுத்தை வளைத்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். கோடியக்கரையில் பனிக்காலத்தில் போய் நின்றால் பூநாரை அப்படி நிற்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் தகுதி நீக்கம் சரி என்பதுதான் என் கட்சி. ஏஐ பிரிவில் கேமராப் படம் கூடாது என்றால், கேமராப் பிரிவில் ஏஐ படமும் கூடாது.

      

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விதியை எழுத்தில் போடுங்கள். பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்), ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு) போட்டிகளிலேயே, படம் அனுப்புகிறவர் தானே எடுத்த புகைப்படமாக இருக்கவேண்டும் என்பதுதான் விதி. அதைத் தமிழில் இரண்டு வரியில் எழுதினால் போதும். பரிசுக்குத் தேறிய படங்களுக்கு மட்டும் ரா ஃபைல், அதாவது கேமரா பதிவுசெய்த திருத்தாத மூலக் கோப்பு, கேளுங்கள். படத்தோடு பதிவாகிற தேதி, கேமரா பற்றிய எக்சிஃப் விவரத்தை மட்டும் நம்பாதீர்கள், அதை யாரும் மாற்றி எழுதிவிடலாம். ரா ஃபைலோடு, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நாலைந்து படங்களையும் கேளுங்கள். மூன்று நாள் வரப்பில் நின்றவனிடம் அது கண்டிப்பாக இருக்கும். போனில் எடுக்கிறவர்களிடம் பெரும்பாலும் ரா இருக்காது, அவர்களைத் தள்ளிவிடாதீர்கள், முன்பின் படங்களே அவர்களுக்குப் போதும்.

அப்புறம், ‘உழவு’ என்று தலைப்பு வைத்தால், நடுவர் மேசையில் நடவுக்குப் போன ஒருவரையும் உட்கார வையுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்கிறார்.