அப்பாவின் பின் நம்பரைக் கிளை ஊழியர் கேட்டு வாங்கினால்

ஏடிஎம் கார்டு வேலை செய்யவில்லை என்று வங்கிக்குப் போன அப்பாவிடம் ஊழியர் பின் நம்பரைக் கேட்டு விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார், இது வழக்கம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. கார்டைச் சரிபார்க்க, மொபைல் நம்பர் மாற்ற, கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) புதுப்பிக்க, எதற்குமே வங்கி ஊழியர்களுக்கு உங்கள் பின் தேவையில்லை. உங்கள் கணக்கை அவர்கள் கணினியில் திறந்து பார்ப்பது அவர்களுடைய சொந்த லாகினில்.

இன்றைக்கே ஏடிஎம்முக்குப் போய் பின்னை மாற்றுங்கள், அப்பாவே பட்டனை அழுத்தட்டும், உதவிக்கு வரும் செக்யூரிட்டி அண்ணன் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் சரி, தள்ளி நிற்கட்டும். அந்த ஊழியர் நல்ல எண்ணத்தில்கூடக் கேட்டிருக்கலாம் (கூட்ட நேரத்தில் பெரியவர்களைச் சீக்கிரம் அனுப்ப இப்படிச் செய்பவர்கள் உண்டு), ஆனால் அந்தத் தாள் அப்புறம் யார் யார் மேசைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது.

இன்னொன்று, ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பின்னை நாமே சொல்லி அதனால் பணம் போனால், வங்கியிடம் புகார் செய்யும்வரை போனது நம் தலையில்தான், புகாருக்குப் பிறகு போவதற்குத்தான் வங்கி பொறுப்பு. அதனால் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். தெரியாத டெபிட் ஏதாவது இருந்தால் உடனே கார்டை முடக்கிவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.