மறுபடியும் ஞானஸ்நானம் எதற்கு?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். தங்கைக்குக் குன்னூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வரன் கூடி வந்திருக்கிறது. இருவருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா, "நீங்கள் மாதாவையும் சுரூபத்தையும் கும்பிடுகிறவர்கள், அதற்காகவே சிலை கூடாது என்கிற இரண்டாம் கட்டளையை வேதத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள், பெண் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம்" என்கிறார். எங்கள் அப்பாவோ, "கன்னியாஸ்திரியைக் கட்டிக்கொள்வதற்காக லூத்தர் ஆரம்பித்த கூட்டம், அவர்களிடம் நாம் இறங்கிப் போவதா?" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பெரியவர்கள் சொல்வதும் தப்பு. ஒரு பெண்ணின் வாழ்க்கையை நடுவில் வைத்துக்கொண்டு, எதிர்த் தரப்பு என்ன போதிக்கிறது என்று ஒரு தடவைகூட விசாரிக்காமல் பேசுகிறார்களே என்று எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

முதலில் ஞானஸ்நானம், அதுதான் அவசரம். உங்கள் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது பங்குச்சாமியார் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தலையில் தண்ணீர் ஊற்றியிருப்பார். அது போதும். அதைத் திரும்பச் செய்ய ஆயருக்கும் உரிமை இல்லை, பேராயருக்கும் உரிமை இல்லை. இது இந்தக் காலத்துத் தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். ரோமைச் சபையோடு மோதிப் பிரிந்த ஜெர்மன் துறவி லூத்தரையும் மற்றச் சீர்திருத்தக்காரர்களையும் எதிர்த்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கமே, சண்டை உச்சத்தில் இருந்த 1547-ல், பதிதர் (சபைப் போதனையை மறுத்துப் பிரிந்தவர்) கையால் கொடுக்கப்பட்டாலும் திரித்துவத்தின் பெயரால், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு கொடுத்த ஞானஸ்நானம் மெய்யானதே என்று தீர்மானித்தது. சி.எஸ்.ஐ. போதனையும் அதேதான், ஞானஸ்நானம் ஒருமுறைதான். மறு ஞானஸ்நானம் கேட்பது பெந்தெகொஸ்தே சபைகளின் வழக்கம். குழந்தை ஞானஸ்நானத்தை அவர்கள் ஏற்பதில்லை, அதற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது. ஆனால் பெரியப்பா எந்தச் சபையின் பெயரால் பேசுகிறார்? அவரும் அநேகமாகக் கைக்குழந்தையாகத்தான் ஞானஸ்நானம் பெற்றிருப்பார். பெண்ணுடையது செல்லாது என்றால் அவருடையதும் செல்லாது. இதை மரியாதையாக, ஆனால் நேராக அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் தங்கை இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்கவே கூடாது.

அடுத்தது இரண்டாம் கட்டளை. கத்தோலிக்க பைபிளில் விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள், சிலை செய்யாதே என்ற வசனம் அங்கேயே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கட்டளைகள் பத்து என்று வேதம் சொல்கிறதே தவிர, எது ஒன்று, எது இரண்டு என்று எண் போட்டுத் தரவில்லை. புனித அகுஸ்தினார் வழியில் எண்ணுகிறவர்கள் சிலை பற்றியதை முதல் கட்டளையோடு சேர்த்துவிட்டு, பிறன் மனைவியை ஆசிப்பதையும் பிறன் உடைமையை ஆசிப்பதையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். லூத்தரன்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள், நம் தமிழ் சுவிசேஷ லூத்தரன் சபை உட்பட. பெரியப்பாவின் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற சுருக்கமான பத்துக் கட்டளையில் சிலை பற்றிய வரி வராது. அதைக் கேட்டவர் எடுத்துவிட்டார்கள் என்று நினைப்பது இயல்புதான்.

சுரூபம் பற்றிப் பேசுகிறவர் ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு ஒருமுறை போய் வரட்டும். அது அவர்களுடைய சி.எஸ்.ஐ. ஆலயம், இந்த மலையின் பழைய கோயில்களில் ஒன்று. அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் சிலுவையில் தொங்கும் இயேசுவும் இருக்கிறார், குழந்தையை ஏந்திய மரியாளும் இருக்கிறார். யாரும் அதை விக்கிரகம் என்று சொல்லிக் கல்லெறியவில்லை. உருவம் இருக்கலாமா என்பது பிரச்சினையே இல்லை, அதன்முன் மனிதன் என்ன செய்கிறான் என்பதுதான் பிரச்சினை. மோசே செய்த வெண்கலப் பாம்பு கடவுளே செய்யச் சொன்னது (எண்ணாகமம் 21). அதே பாம்புக்கு ஜனங்கள் தூபம் காட்ட ஆரம்பித்ததும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் (2 இராஜாக்கள் 18). இந்த இரண்டு அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும், பெரியப்பா முதலாவதை, நீங்கள் இரண்டாவதை. ஏனென்றால் ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிற நம் ஜனங்களில் சிலர், கேட்டது கிடைக்கவில்லை என்றால் "இந்தக் கோயில் சரியில்லை, வேறு கோயிலில் நேர்ந்துகொள்ளலாம்" என்று பேசுகிறார்கள். எசேக்கியா உடைத்தது இந்த மனசைத்தான்.

சரி, மாதா. கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனையை மரியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது 787-ல் நிசேயா இரண்டாம் பொதுச்சங்கம் சொன்ன காலத்திலிருந்து கத்தோலிக்கப் போதனை. மரியாளைக் கொண்டாடியதில் லூத்தரும் குறைந்தவர் கிடையாது, அவள் கடவுளைப் புகழ்ந்து பாடிய பாட்டுக்கு 1521-ல் ஒரு விளக்கவுரையே எழுதினார், அவள் எப்போதும் கன்னியே என்றும் நம்பினார். உண்மையான கருத்து வேறுபாடு இரண்டு இடத்தில் இருக்கிறது. பரலோகத்தில் இருக்கிறவர்களிடம் நமக்காக வேண்டச் சொல்லிக் கேட்கலாமா, மத்தியஸ்தர் ஒருவரே என்று பவுல் சொல்லியிருக்கும்போது? அப்புறம், மரியாளின் அமல உற்பவத்தையும் (ஜென்மப் பாவம் இல்லாமல் கருவானாள் என்பது, 1854) விண்ணேற்பையும் (உடலோடு பரலோகத்துக்கு எடுக்கப்பட்டாள் என்பது, 1950) வேதத்தில் நேரடி வசனம் இல்லாமலே விசுவாச சத்தியமாக அறிவித்தது எப்படி? இவை நியாயமான கேள்விகள். கத்தோலிக்கர் இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும், கேட்டவரைத் திட்டிப் பயனில்லை.

இனி உங்கள் அப்பா. லூத்தர் கேள்வி எழுப்பியது 1517-ல், கல்யாணம் செய்துகொண்டது 1525-ல். நடுவில் எட்டு வருஷம். பணம் கொடுத்தால் உத்தரிக்கிற ஸ்தலத்து (இறந்தவர் பரலோகம் போகுமுன் தூய்மையாகும் இடம்) வேதனை குறையும் என்று ஊர் ஊராகச் சீட்டு விற்றதைத்தான் அவர் எதிர்த்தார், அந்த வசூல்காரர் பதவியைத் திரெந்து சங்கமே 1562-ல் ஒழித்தது. எனவே அந்த விஷயத்தில் அவர் கேட்டது வீண் கேள்வி என்று அப்பா சொல்ல முடியாது. அதோடு சி.எஸ்.ஐ. லூத்தரன் சபையும் கிடையாது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து 1947 செப்டம்பர் 27-ல் உண்டானது.

ஐந்நூறு வருஷச் சண்டையின் மையக் கேள்வி, மனிதன் கடவுளுக்கு முன் எப்படி நீதிமானாகிறான் என்பது. விசுவாசத்தாலா, நற்செயலாலா என்று நம் ஊர் டீக்கடையில்கூட இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1999 அக்டோபர் 31-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டன: நம் தகுதியால் இல்லை, கிறிஸ்துவின் மேல் உள்ள விசுவாசத்தில், கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், நற்செயல்கள் அதன் கனி. மெதடிஸ்டுகள் 2006-லும், சீர்திருத்த சபைகள் 2017-லும் இதில் சேர்ந்துகொண்டார்கள். இது ஒரு பிரசங்கத்திலாவது நம் மலையில் சொல்லப்படக் கூடாதா?

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது இரண்டு தரப்பையும் அவமதிப்பது. குன்னூரில் எந்த ஆர்.சி. கோயிலிலும் பூசை முடிந்தபின் பாருங்கள், மீந்த நற்கருணை அப்பங்களைப் பேழைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள், பக்கத்தில் விளக்கு அணையாமல் எரிகிறது, கடந்துபோகிற பாட்டி முழங்கால் வலியோடும் மண்டியிட்டுப் போகிறாள். அங்கே இருப்பது கிறிஸ்துவே, அப்பம் இல்லை என்பது அவள் விசுவாசம். சி.எஸ்.ஐ. ஆலயத்தில் அப்பத்தையும் பாத்திரத்தையும் எல்லோருக்கும் பக்தியோடு கொடுக்கிறார்கள், ஆனால் அப்பத்தின் உட்பொருளே கிறிஸ்துவாக மாறிவிட்டது என்ற விளக்கத்தை ஏற்பதில்லை. இதில் புராட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே ஒற்றுமை வரவில்லை, 1529-ல் மார்பர்க்கில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர் சுவிங்கிலியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியும் தீரவில்லை. இதற்கும் கீழே இருக்கிற வேர், கடைசித் தீர்ப்பு யாருடையது என்பது. வேதம் மட்டுமா, அல்லது வேதத்தை விளக்கும் அதிகாரம் பெற்ற திருச்சபையும் பாப்பரசருமா? 1870-ல் பாப்பரசரின் தவறா வரத்தை (விசுவாச விஷயத்தில் அவர் முடிவாக அறிவிப்பது தவறாது என்பதை) அறிவித்தபின் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. உண்மையான சுவர் இங்கேதான் இருக்கிறது. பெரியவர்கள் இருவரும் சுவரே இல்லாத இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ஞானஸ்நானம் பெற்ற ஒரு சி.எஸ்.ஐ. பையனைக் கட்ட உங்கள் தங்கைக்கு வேண்டியது உங்கள் கத்தோலிக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி. பங்குச்சாமியாரிடம் சீக்கிரம் போங்கள். கல்யாணத்தை சி.எஸ்.ஐ. ஆலயத்திலேயே வைக்க விரும்பினால் அதற்குத் தனியாக ஆயரிடம் விலக்குக் கேட்க வேண்டும், கொடுக்க வழி இருக்கிறது. காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில் என்று இரண்டு தடவை வாக்குக் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு மட்டும் போகாதீர்கள், அதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. கல்யாணத்தைப் பூசையோடு வைத்தால் பாதிச் சொந்தம் நற்கருணைக்கு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும், ஆகவே பூசையில்லாத திருமணச் சடங்கைக் கேளுங்கள்.

மிச்சம் இருப்பது பிள்ளைகள். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று உங்கள் தங்கை வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். 1970 வரை மறுதரப்பும் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, இப்போது பையனுக்கு விஷயம் தெரிந்திருந்தால் போதும். அவனுக்கும் தன் சபை மேல் பற்று இருக்கும் அல்லவா? நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் இந்த ஒன்றை அவர்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து பேசி முடிக்கட்டும், பெரியப்பாவும் அப்பாவும் இல்லாமல்.