ஏல நோட்டீஸ் வந்த அடகு நகை: தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் கூலி வேலை செய்கிறேன். வேலை குறைந்துவிட்டதால், நிதி நிறுவனத்தில் அடகு வைத்த நான்கு பவுன் நகைக்கு வட்டி கட்ட இயலவில்லை. அசலும் வட்டியுமாக 2.75 லட்சம் ஆகிவிட்டது. நகையின் இன்றைய மதிப்பு 4 லட்சம் இருக்கும். இரண்டு வாரத்தில் ஏலம் என்று நோட்டீஸ் வந்துள்ளது. ஏலத்துக்குப் போனால் ஒன்றும் மிஞ்சாது, தானே மீட்டு விற்று 50,000 தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒன்றும் மிஞ்சாது என்பது உங்களை அவசரப்படுத்தச் சொன்ன பேச்சு. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, ஏலத்தின் தொடக்க விலை நகையிலுள்ள தங்க மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கடன் போக மிஞ்சும் தொகை 7 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு வந்து சேர வேண்டும். உங்கள் கணக்கில் 3.6 லட்சத்தில் 2.75 லட்சம் போனால் 85,000. அதில் ஏலச் செலவு மட்டும் கழியும்.

ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனங்கள் இவ்விதிகளை ஏற்பதற்கான கெடு 2026 ஏப்ரல் 1. ஏற்பதற்கு முன் வழங்கிய கடனுக்குப் பழைய விதிகளே பொருந்தும். எனவே அடகுச் சீட்டின் தேதியைப் பார்த்து, உங்கள் கடன் எந்த விதியின் கீழ் வருகிறது என்று கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய விதி என்றாலும் நிதி நிறுவனங்களுக்கு 85 சதவீதம் என்ற வரம்பு உண்டு. அப்போதும் 65,000 வருகிறது.

இந்தத் தரகர்கள் பேசும் தொகை கைக்கு வருவது அரிது. நகையை மீட்டு வெளியே வந்ததும் கல் எடை, அழுக்கு, டச் (தங்கத்தின் தூய்மை) குறைவு, சர்வீஸ் சார்ஜ் என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். அவர்கள் பணத்தில் மீட்ட நகை அவர்கள் கையில் இருக்கும்போது உங்களால் பேரம் பேச முடியாது. அடகுச் சீட்டின் அசலையும் வெற்றுத் தாளில் கையெழுத்தையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். உறவினர் ஒருவரிடம் அரை நாளுக்குப் பணம் புரட்டி, ஏலத்துக்கு முன் நீங்களே மீட்டு, சின்னக்கடை வீதியில் இரண்டு மூன்று கடைகளில் எடை போட்டுக் கேட்டு விற்பதே மேல். கடனுக்குப் போதுமான அளவு மட்டும் விற்றால் மீதி நகை வீட்டுக்கு வரும். இதற்காக மீட்டர் வட்டிக்காரரிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

நிறுவனம் முறை தவறினால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, பதில் வராவிட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டதிட்டம்; பதினான்கு நாளில் ஏலம் போகிற நகைக்கு முப்பது நாள் பொறுக்கச் சொன்னவர்கள் அடகுக் கடை வாசலில் ஒரு நாளாவது நின்றிருப்பார்களா என்பது ஐயமே. ஆகவே கடிதத்தை இன்றே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஏலம் நடந்துவிட்டால், விற்ற விலை, கழித்த தொகை, மீதம் ஆகியவற்றைக் காட்டும் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.