நைலான் ஸ்டாக்கிங்ஸுக்கு, அதாவது பெண்கள் பாதத்திலிருந்து தொடை வரை மாட்டிக்கொள்ளும் மெல்லிய கால் உறைக்கு, ஏன் அவ்வளவு மவுசு? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெண்கள் காலில் கோடு வரைந்துகொண்டது உண்மையா?

உண்மைதான். 1942 வாக்கில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஸ்டாக்கிங்ஸ் கிடைக்காமல் போனதும், பெண்கள் காலுக்குப் பழுப்பு நிறம் பூசிக்கொண்டு, குதிகாலிலிருந்து தொடை வரை பின்பக்கம் நேராக ஒரு கோட்டைப் புருவப் பென்சிலால் போட்டுக்கொண்டார்கள். தானே போட்டால் கோணிக்கொள்ளும், அதனால் தங்கையோ தோழியோ போட்டுவிட வேண்டும்.

சரி, நிறம் பூசியது புரிகிறது, கோடு எதற்கு? நான் திருப்பூரில் இருபது வருடமாக நிட்டிங் மெஷினோடு மாரடிப்பவன், அதனால் இந்தக் கேள்விதான் எனக்குச் சுவாரசியம்.

பனியன் துணி வட்ட மெஷினில் குழாய் மாதிரி இறங்கும். பழைய வெள்ளை பனியனில் பக்கவாட்டில் தையலே இருக்காது, பார்த்திருப்பீர்கள். உடம்புக்கு அது போதும். கால் அப்படியில்லை, தொடையில் பருத்து, கெண்டையில் ஒரு வளைவு வளைந்து, கணுக்காலில் சிறுத்துவிடும். அதற்குக் குழாய் பின்னினால் கணுக்காலில் பை மாதிரி தொங்கும். அதனால் நல்ல ஸ்டாக்கிங்ஸைத் தட்டையாகப் பின்னினார்கள். 1864-ல் இங்கிலாந்தில் வில்லியம் காட்டன் என்பவர் காப்புரிமை எடுத்த மெஷின் அது. கீழே போகப்போக இரண்டு ஓரத்திலும் லூப்பை, அதாவது பின்னல் கண்ணிகளை, குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஓரம் இரண்டையும் சேர்த்துப் பின்னால் தைத்துவிட வேண்டும். அந்தத் தையல்தான் கோடு. அழகுக்கு யாரும் வைத்ததில்லை, வேறு வழியில்லாமல் வந்தது. ஆனால் 1920-களில் பாவாடை முழங்கால் வரை ஏறியதும் அது எல்லோர் கண்ணிலும் பட ஆரம்பித்தது. கோடு நேராக இருக்கிறதா என்று தெருவில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. காலை நீளமாகக் காட்டுவதில் அந்த ஒற்றைக் கோட்டுக்கு ஈடு கிடையாது, இதை நான் தொழில்காரனாகவே சொல்கிறேன்.

அப்போதெல்லாம் பட்டு. அமெரிக்கா வாங்கிய பட்டு பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தது, 1930-களின் கடைசியில் அதில் பெரும்பங்கு ஸ்டாக்கிங்ஸுக்கே போனது. பட்டு சீக்கிரம் நைந்துவிடும், விலையும் அதிகம். மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கைப் பட்டான ரேயான் மலிவு, ஆனால் கண்ணைக் கூசும் பளபளப்பு, முழங்காலில் தொளதொளவென்று நிற்கும்.

இந்த இடத்தில்தான் டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயனக் கம்பெனி உள்ளே வருகிறது. டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளரின் குழு 1935 பிப்ரவரி 28 அன்று பிற்காலத்தில் நைலான் 6,6 என்று பெயர் பெற்ற பொருளைச் செய்தது. உருக்கி, மெல்லிய துளை வழியாகத் தள்ளி, ஆறியதும் பல மடங்கு நீளத்துக்கு இழுத்தால் உறுதியான நூல். பாவம், கரோதர்ஸ் 1937-ல் தற்கொலை செய்துகொண்டார், வயது 41. தன் நூல் எந்தக் காலிலும் ஏறியதை அவர் பார்க்கவில்லை. (நியூயார்க், லண்டன் இரண்டையும் சேர்த்து நைலான் என்று பெயர் வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது கட்டுக்கதை.)

1939 அக்டோபர் 24 அன்று வில்மிங்டனில் முதல் பொது விற்பனை. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும், தலைக்கு மூன்று ஜோடி. 4,000 ஜோடியும் சில மணி நேரத்தில் காலி. 1940 மே 15 அன்று நாடு முழுக்கக் கடைக்கு வந்தபோது விடிவதற்கு முன்பே வரிசை. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, போர் வந்து நைலான் மொத்தமும் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் விமான டயருக்கும் போய்விட்டது. ஜப்பான் பட்டும் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. பென்சில் கோட்டின் கதை இதுதான்.

போர் முடிந்து மறுபடி விற்பனைக்கு வந்ததும் நடந்ததைப் பத்திரிகைகள் நைலான் கலவரம் என்றே எழுதின. 1946 ஜூனில் பிட்ஸ்பர்கில் 13,000 ஜோடிக்கு சுமார் 40,000 பேர் நின்றார்கள், அடிதடி ஆனது. ஆசை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன், நாலு வருடம் பென்சிலோடு மல்லுக்கட்டிய கோபமும் அதில் இருந்திருக்கும்.

"அந்தக் காலத்து நைலான் கிழியவே கிழியாது, கம்பெனிதான் அப்புறம் வேண்டுமென்றே கெடுத்துவிட்டது" என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். முதலில் 30 டெனியர் வாக்கில் இருந்தது, போருக்குப் பிறகு 15-க்கு வந்துவிட்டது. 9 கிலோமீட்டர் நூல் வெறும் 15 கிராம், அது நகம் பட்டால் ஏணி மாதிரி கீழே வரை பிரிந்து ஓடத்தான் செய்யும். போட்டதே தெரியாத மாதிரி வேண்டும் என்று கேட்டது வாங்கியவர்கள். பிரிந்த இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து ஓட்டத்தை நிறுத்துவது அப்போது கண்டுபிடித்த வைத்தியம்.

கடைசியில் அந்தக் கோட்டை ஒழித்ததும் நைலானேதான். நைலானில் நெய்த நைலக்ஸ் புடவையோடு அடுப்புப் பக்கம் போகாதே என்று நம் வீடுகளில் திட்டுவார்கள், ஏனென்றால் அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சூட்டுக்கு இளகும் அதே குணத்தை வைத்து, வட்ட மெஷினில் குழாயாகப் பின்னியதைக் கால் வடிவ உலோக அச்சில் மாட்டி நீராவி காட்டினால் அது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். பட்டிடம் இது நடக்காது. லூப்பைக் குறைக்க வேண்டாம், தைக்க வேண்டாம், செலவும் குறைவு. 1959-ல் வட கரோலினாவின் க்ளென் ரேவன் ஆலை இரண்டு காலையும் உள்ளாடையோடு சேர்த்து பேன்டிஹோஸ் ஆக்கியது, அப்புறம் மினி ஸ்கர்ட் வந்தது, கார்ட்டர் என்ற பிடிப்புப் பட்டை வைத்து மாட்டும் ஸ்டாக்கிங்ஸ் அன்றாடப் புழக்கத்திலிருந்து போய்விட்டது.

கோடு மட்டும் போகவில்லை. இன்றைக்குக் கடையில் பின்கோடு வைத்து விற்பதில் முக்கால்வாசி வட்ட மெஷினில் பின்னியது, கோட்டுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அசல் வேண்டுமென்றால் கெண்டைக்காலில் தையலை ஒட்டிப் பாருங்கள், லூப் குறைத்த சின்னச் சின்னப் புள்ளிகள் இரண்டு பக்கமும் வரிசையாகத் தெரியும். மேல்பட்டையில் பின்பக்கம் தையல் முடியும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.