பழைய இசைக்கருவிகளின் விலையை ஆன்லைன் ஏலம் ஏற்றுகிறதா, இறக்குகிறதா?

இரண்டும் நடக்கிறது. ஆன்லைன் ஏலம் என்றால், பொருளின் படத்தை இணையத்தில் போட்டு, குறித்த நேரத்துக்குள் அதிகம் கேட்பவருக்கு விற்பது. முன்பு மயிலாப்பூரில் ஒரே மரத்தில் குடைந்த பழைய தஞ்சாவூர் வீணை விலைக்கு வந்தால், காதில் விழுந்த நாலைந்து பேர்தான் பேரம் பேசுவார்கள். இப்போது எந்த ஊர்க்காரரும் கேட்கலாம்.

ஆனால் விலையைத் தீர்மானிப்பவர் ஜெயித்தவர் அல்ல, இரண்டாவதாக வந்தவர். அவர் நிறுத்திய இடத்துக்குச் சற்று மேலே ஏலம் முடிந்துவிடும். சென்னை காசிமேடு மீன் ஏலத்தில் ஒரே ஒரு பெரிய வஞ்சிரத்துக்கு இரண்டு ஓட்டல்காரர்கள் நின்றால் விலை எகிறும். மத்தி கூடை கூடையாக இறங்கினால் அதே ஏலத்தில் சரியும். அரிய கருவிகள் வஞ்சிரம் மாதிரி. புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1721இல் செய்த 'லேடி பிளண்ட்' வயலின் 2011இல் ஆன்லைன் ஏலத்தில் சுமார் 1 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்த பழைய கிட்டார்கள் மத்தி ரகம்; அத்தனையும் ஒரே திரையில் தெரிவதால் 'கிடைக்காத பொருள்' என்ற மவுசு போய்விடுகிறது.

அப்புறம், படத்தை வாசித்துப் பார்க்க முடியாதே! ஒட்டுப்போட்ட விரிசல் இருக்குமோ என்ற பயத்திலேயே பலர் குறைத்துக் கேட்பார்கள். நம் ஊர்க் கருவிகளுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கும்: 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; யானைத்தந்த வேலைப்பாடு இருந்தால் விற்பதே சிக்கல்.

யாரோ ஐந்து லட்சம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பரண்மேல் இருக்கும் வீணையும் அவ்வளவு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது விற்பவர் கேட்கும் விலை, விற்றுமுடிந்த விலை அல்ல.